சோபாவில் இருக்கும் நமக்கே தெரிகிறது, கோச்சுக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்டது இதுதான்: சீசன் முழுக்கப் பந்தை அழகாகச் சுற்றவிட்டு ஆடிய ஒரு என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகள் வந்ததும், அதுவும் நாலாவது குவார்ட்டரில், ஒருத்தர் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்க மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கே தெரிகிறது, அவ்வளவு சம்பளம் வாங்கும் கோச்சுக்குத் தெரியாதா, கோச்சை மாற்றினால் சரியாகிவிடுமா? கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்தான். ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஏன் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள் என்பது ஒன்று, அது ஏன் பலிக்காமல் போகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை.

நான் 17 வருடமாகக் கல்லூரி, கிளப் அணிகளுக்குக் கோச்சாக இருக்கிறேன், அதில் பாதி நேரம் எதிரணியின் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுப்பதிலேயே போயிருக்கிறது. தொழில்முறை அணியின் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அதனால் டைம்அவுட்டில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்கிற மாதிரி விஷயங்களை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், கோர்ட்டில் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஒரே ஆட்டத்தைத் திரும்ப ஆடுவது குற்றமே இல்லை. யூட்டா ஜாஸ் அணியில் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 18 சீசன் சேர்ந்து ஆடினார்கள், அவர்களின் முக்கிய ஆயுதம் கடைசிவரை ஒரே பிக் அண்ட் ரோல்தான். மலோன் மேலே வந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது ஸ்டாக்டனைக் காப்பவனின் வழியை உடம்பால் மறித்து நிற்பார், ஸ்டாக்டன் அவர் தோளை உரசிக்கொண்டு கடந்து போவார், மலோன் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்குக்கூட அது தெரியும். அப்படியும் 1997, 1998 இரண்டு வருடமும் ஃபைனல்ஸ் வரை போனார்கள். ஸ்டாக்டன் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் இருந்த 15,806 அசிஸ்ட்டை (புள்ளியாக முடிந்த பாஸ்) இதுவரை யாரும் தொடவில்லை. காரணம், வரப்போவது என்னவென்று தெரிந்தாலும் டிஃபென்ஸ் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் பந்தின் மேல் பாய்ந்தால் மலோன் தனியாகக் கூடைக்கடியில் நிற்பார். அவரவர் ஆளோடு ஒட்டிக்கொண்டால் ஸ்டாக்டனுக்கு வழி திறந்துவிடும். மூன்றாவது ஆள் உதவிக்கு வந்தால் அவன் விட்டுவந்த ஆள் சும்மா நிற்பான். ஃபில் ஜாக்சன் சிகாகோ புல்ஸிலும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிலும் சேர்த்து 11 பட்டம் வாங்கிக்கொடுத்த டிரையாங்கிள் ஆட்டமும் அப்படித்தான், அவருடைய உதவிக் கோச் டெக்ஸ் வின்டர் அதைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்தவர், ரகசியம் என்று அதில் எதுவும் கிடையாது. டிஃபெண்டர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு அதற்கு எதிரானதைச் செய் என்பதுதான் அதன் சாரம். எதிரணிக்குப் பாடம் மனப்பாடமாக இருக்கலாம், கேள்வி மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

ஆக ஒரு அணியின் ஆட்டம் 'தெரிந்துபோய்விட்டது' என்று நாம் சொல்லும்போது உண்மையில் நடந்திருப்பது வேறு. எதிரணியால் எதையோ ஒன்றைப் பயமில்லாமல் கண்டுகொள்ளாமல் விட முடிகிறது. ஒரு ஆளாக இருக்கலாம், ஒரு இடமாக இருக்கலாம், ஒரு பாஸாக இருக்கலாம். விட்டால் அடி விழாது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து ஐந்து பேர் நான்கு பேரைக் காக்கிறார்கள், அப்புறம் நீங்கள் எத்தனை புது பிளே (திட்டமிட்ட நகர்வு) எழுதினாலும் அந்த ஐந்தாவது ஆள் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டம்) நின்றுகொண்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டே இருப்பான்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் 2015 பிளேஆஃப், மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸுக்கும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கும் நடந்த தொடர். மூன்று ஆட்டம் முடிந்தபோது மெம்ஃபிஸ் 2-1 என முன்னிலை. நாலாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை டோனி ஆலனைக் காக்கச் சொல்லி நிறுத்தினார். காக்கச் சொல்லி என்பது பேச்சுக்குத்தான். ஆலன் அற்புதமான டிஃபெண்டர், வெளியிலிருந்து ஷாட் போடுவதில் பலவீனம், அதனால் போகட் அவர் பக்கமே போகாமல் கூடைக்கடியில் நின்றுகொண்டார். மார்க் கசோலும் ஜாக் ராண்டால்ஃபும் உள்ளே முட்டி மோதிப் புள்ளி எடுக்கும் அணிக்கு அந்த உள் இடமே காணாமல் போனது. ஆலனை வைத்துக்கொண்டால் தாக்குதல் திணறும், உட்காரவைத்தால் டிஃபென்ஸ் போகும். வாரியர்ஸ் அடுத்த மூன்று ஆட்டத்தையும் வென்றார்கள். ஆலனுக்குத் தொடைத் தசையில் காயமும் இருந்தது, அதனால் எல்லாப் பெருமையும் அந்த ஒரு தந்திரத்துக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலாவது ஆட்டத்தின் வீடியோவைப் பாருங்கள், மெம்ஃபிஸ் பிளேக்களில் எந்த மாற்றமும் இருக்காது, ஆனால் எல்லாமே திடீரென்று முட்டாள்தனமாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் கடிகாரம். இதை ரசிகர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் நீண்டநாள் குறை. பந்து கைக்கு வந்து 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் விதி 1954-இல் வந்தது, சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் போட்ட எளிய கணக்கு அது: நல்ல ஆட்டம் ஒன்றில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 ஷாட் போடுவார்கள், 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, வகுத்தால் 24. அந்த 24 விநாடியை ஒரு பணப்பை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை நிதானமாகக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவர ஏழு விநாடி. பெஞ்சைப் பார்த்து சைகை வாங்க இரண்டு விநாடி. எதிரணியில் பலவீனமான டிஃபெண்டர் யார் என்று தேடி, அவன் காக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொல்லி, ஸ்விட்ச் நடக்கும்வரை, அதாவது டிஃபெண்டர்கள் ஆள் மாற்றிக்கொள்ளும்வரை, காத்திருக்க இன்னொரு ஆறு. இப்போது பையில் மிச்சம் ஒன்பது. அந்த நேரத்தில் ஒரு முயற்சிதான் முடியும், அது தடுக்கப்பட்டால் மூன்று விநாடி இருக்கும்போது கையில் பந்தோடு ஒருத்தன் மாட்டிக்கொள்வான், பின்னால் சாய்ந்து ஒரு ஷாட்டை வீசுவான். நீங்கள் அதைப் பார்த்து 'இவனுக்கு இது மட்டும்தான் தெரியும்' என்கிறீர்கள். அந்த பிளேயில் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு எழுதித்தான் இருந்திருக்கும், அதுவரை போக நேரம் இல்லை. டிஃபென்ஸுக்கும் இது தெரியும், முதல் முயற்சியை மட்டும் எப்படியாவது மறித்துவிட்டால் போதும் என்று முழு பலத்தையும் அதிலேயே போடுகிறார்கள்.

பலவீனமான டிஃபெண்டரைத் தேடிப் பிடிப்பது தப்பான யோசனை என்று சொல்ல வரவில்லை, காகிதத்தில் பார்த்தால் அது மிகச் சரியான கணக்கு. பிரச்சினை அதன் பக்கவிளைவு. வேட்டை நடக்கும்போது மற்ற மூன்று பேரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் வழி அடைபடும். நிற்கிற ஆளைக் காப்பது உலகத்திலேயே சுலபமான வேலை. அவனைப் பார்க்கவே வேண்டாம், பந்தைப் பார்த்துக்கொண்டு ஒரு காலை பெயின்ட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு சின்ன சரித்திரமும் இருக்கிறது. 2001-02 சீசனுக்கு முன்னால் என்பிஏவில் ஸோன் டிஃபென்ஸ் கூடாது, தன் ஆளைவிட்டு வந்து இடையில் நின்றால் விசில் அடிப்பார்கள். தொண்ணூறுகளில் ஒருத்தருக்கு ஒருத்தர் மோதும் ஆட்டம் அவ்வளவு எடுபட்டதற்கு அந்த விதியும் ஒரு காரணம். இப்போது யாரையும் காக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். உள்ளே வருவது, இரண்டு எண்ணுவது, ஒரு கால் வெளியே வைப்பது, திரும்ப உள்ளே வருவது, இதை நல்ல டிஃபெண்டர்கள் தூக்கத்தில்கூடச் செய்வார்கள். பழைய ஹைலைட் வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'அப்போது ஐசோலேஷன் (ஒருத்தருக்கு ஒருத்தர் மோதல்) ஆடியே ஜெயித்தார்களே' என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

நட்சத்திர வீரரை அளவுக்கு மீறி நம்புவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதில் ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். 2010-இல் பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியல் ஆராய்ச்சியாளர் ஒரு அழகான ஒப்பீடு செய்தார். எல்லோரும் குறுக்கு வழி என்று ஒரே சாலையில் போனால் அந்தச் சாலையே நெரிசலாகிவிடும், சில நேரம் அந்தச் சாலையை மூடினால் எல்லோரும் சீக்கிரம் போய்ச் சேர்வார்கள். கூடைப்பந்திலும் அப்படித்தான் என்றார். அணியின் மிகச் சிறந்த ஷாட்டை ஒவ்வொரு தடவையும் போடப் போனால் டிஃபென்ஸ் அங்கேயே குவியும், அது சிறந்த ஷாட்டாகவே இருக்காது. கொஞ்சம் மட்டமான ஷாட்டை இடையிடையே போடுவது நல்ல ஷாட்டை நல்லதாகவே வைத்திருக்கத்தான். தர்க்கம் எனக்கு உறுதியாகப் படுகிறது. எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்பதற்குத்தான் பொதுவான விடை கிடையாது, அது மற்ற நாலு பேர் யார் என்பதைப் பொறுத்தது. 2016-17 சீசனில் ஒக்லஹோமா சிட்டிக்காக ரஸல் வெஸ்ட்புரூக் கோர்ட்டில் இருந்தபோது அணியின் பொசஷன்களில் (பந்து கைக்கு வரும் வாய்ப்புகளில்) ஏறக்குறைய 42 சதவீதம் அவர் கையில்தான் முடிந்தது, அதுவரை யாரும் போகாத உயரம். சராசரியாகவே டிரிபிள் டபுள், அதாவது புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம், எடுத்தார். அணி முதல் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் 4-1 என்று வெளியேறியது. 'தெரிந்த ஆட்டம்' என்று திட்டினார்கள். ஆனால் அந்தத் தொடரில் அவர் உட்கார்ந்த நிமிடங்களில்தான் அணி தலைகுப்புற விழுந்தது. அதற்கு முந்தைய கோடையில்தான் கெவின் டுரான்ட் விட்டுப்போயிருந்தார். வீட்டில் சமைக்க ஒரே பாத்திரம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் அதில்தான் சமைப்பார்கள், சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை.

பிளேஆஃப்பில் இதெல்லாம் ஏன் அதிகமாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். சீசனில் 82 ஆட்டம், இன்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர், எதிரணியைப் படிக்க நேரமே இருக்காது. பிளேஆஃப்பில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை. மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிரணி பெஞ்சில் இருக்கிறவர்கள் நம் பிளேயின் பெயரை நமக்கு முன்னால் கத்துவார்கள். இது என் சொந்த அனுபவம். ஒரு போட்டித் தொடரில் எங்கள் பிளே ஒன்று ஆரம்பிக்கும் முன்பே எதிரணி இடம் மாறி நின்றது. பெயரை மாற்றினேன், சைகையை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில் பிளேயையே தூக்கிப்போட்டேன். தொடர் முடிந்து ஒரு வாரம் கழித்து வீடியோவை சத்தமில்லாமல் ஓடவிட்டபோதுதான் பிடிபட்டது, பந்தைக் கொண்டுவரும் எங்கள் பாயிண்ட் கார்டு அந்த ஒரு பிளேக்கு மட்டும் பந்தை இடது கையில் தட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்கே தெரியாது, எனக்கும் தெரியவில்லை, எதிரணியில் யாரோ ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல பிளேயைக் குப்பையில் போட்டதற்கு இன்றும் எனக்கு வருத்தம். தொழில்முறையில் இது பல மடங்கு. 2013-14 சீசன் முதலே என்பிஏவின் எல்லா அரங்குகளிலும் கூரையில் கேமரா வைத்து, வீரர்களும் பந்தும் இருக்கும் இடத்தை விநாடிக்கு 25 தடவை பதிவுசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். யார் எந்தப் பக்கம் திரும்பினால் ஷாட் போடுவார், எந்தப் பக்கம் திரும்பினால் பாஸ் கொடுப்பார் என்பது இப்போது எதிரணியின் கையில் தாளாகவே இருக்கும்.

சரி, கோச்சுக்குத் தெரியாதா? தெரியும், நூறு சதவீதம் தெரியும். பிறகு ஏன் மாற்றுவதில்லை என்றால், ஒன்று பயிற்சிக்கு நேரம் இல்லை. டிஃபெண்டரைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வார்த்தையால் வராது, ஐந்து பேரும் ஒரே நொடியில் ஒரே மாதிரி படிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். கடைசி நிமிடத்தில் நட்சத்திரத்திடம் பந்தைக் கொடுத்துத் தவறினால் யாரும் கோச்சைக் கேள்வி கேட்பதில்லை. யாரும் காக்காமல் நின்ற நாலாவது ஆளுக்குப் பந்து போய் அவன் தவறவிட்டால், அது சரியான ஷாட்டாகவே இருந்தாலும், அன்று இரவு முழுக்கக் கேள்விதான். பந்தைப் பறிகொடுக்கும் பயமும் சேர்ந்துகொள்கிறது, பாஸ் அதிகமானால் தவறும் அதிகமாகும் என்று தோன்றும். என் கல்லூரிப் பையன்களை வைத்தே இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது நான் இதே கோழைத்தனத்தைச் செய்திருக்கிறேன், அதனால் என்பிஏ கோச்சுகளைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

இனி சந்தேகமான பகுதி. ஆட்டம் தெரிந்துபோனதால் தோற்றார்களா, வெறுமனே ஷாட் விழாததால் தோற்றார்களா என்பதை ஒரு ஆட்டத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. 2018-இல் வாரியர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 த்ரீ பாயிண்டரை (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) தவறவிட்டது, மொத்தம் 44-இல் 7. அன்று முதல் ராக்கெட்ஸ் என்றாலே தெரிந்த ஆட்டத்துக்குப் பாடப்புத்தக உதாரணம் என்கிறார்கள். ஆனால் அதே முறையில்தான் அந்த சீசனில் 65 ஆட்டம் வென்றார்கள், அதே வாரியர்ஸிடம் 3-2 என முன்னிலையும் எடுத்தார்கள். கடைசி இரண்டு ஆட்டத்தில் கிறிஸ் பால் காயத்தால் இல்லை, பந்தைக் கையாள ஜேம்ஸ் ஹார்டன் மட்டும்தான். என் கருத்து, ஒரு பங்கு கால் சோர்வு, ஒரு பங்கு பால் இல்லாதது, ஒரு பெரும் பங்கு வெறும் துரதிர்ஷ்டம். 2025 மே மாதம் பாஸ்டன் செல்டிக்ஸ் நியூயார்க் நிக்ஸிடம் முதல் ஆட்டத்தில் 60 த்ரீ போட்டு 45-ஐத் தவறவிட்டபோதும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், முந்தைய வருடம் பட்டம் வென்ற முறைதானே என்று. ஆனால் இரண்டாவது ஆட்டத்திலும் 20 புள்ளி முன்னிலையைக் கரைத்துத் தோற்றபோது மனம் மாறியது. இரண்டு இரவுமே முன்னிலை வந்த பிறகு ஆட்டத்தை மெதுவாக்கினார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

கோச்சை மாற்றினால் சரியாகுமா என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி வாரியர்ஸ்தான். 2013-14 சீசனில் லீகிலேயே மிகக் குறைவாகப் பாஸ் செய்த அணி அது, வெற்றி 51. மறு சீசனில் ஸ்டீவ் கெர் வந்தார், ஏறக்குறைய அதே வீரர்கள், ஸ்டெஃபன் கரி பந்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓட ஆரம்பித்தார், 67 வெற்றி, பட்டம். அதே சமயம் டேவிட் லீக்குக் காயம் என்பதால் டிரேமண்ட் கிரீன் ஆரம்ப ஐவரில் வந்ததும் அந்த வருடம்தான், பாஸ் கொடுக்கத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார். எவ்வளவு கோச், எவ்வளவு கிரீன் என்று யாராவது சதவீதம் போட்டுச் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அணியில் அப்படி ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கோச்சை வீட்டுக்கு அனுப்புவது பற்றி நான் யோசிப்பேன்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர் மட்டும் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத பக்கத்துக் கார்னரில் நிற்கும் உங்கள் ஆளைக் காப்பவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள், அவன் இரண்டு காலும் பெயின்ட்டுக்குள் இருந்தால் கோளாறு ஆட்களில் இருக்கிறது, புது கோச் வந்தாலும் அதே தலைவலிதான். அவன் தன் ஆளோடு ஒட்டி நின்றும் தாக்குதல் திணறினால், முதல் ஸ்கிரீன் போடும் நொடியில் ஷாட் கிளாக்கில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் குவார்ட்டரில் 17, 18 என்று இருந்தது நாலாவதில் 11, 10 என்று இறங்கியிருந்தால் உங்கள் கோபத்தை கோச் மீதும் பந்தைக் கொண்டுவருகிறவர் மீதும் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டலாம்.